பிசினும் பட்டயமும்: ஒரு தெமெங்கோங் வம்சத்தின் கதை

ஸ்கூடாயிலிருந்து பொந்தியானுக்குப் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் பெக்கான் நானாஸ் வருகிறது. நானாஸ் என்றால் அன்னாசி. ஊரின் தொழில் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. இலைதழை மக்கி ஊறிய கறுப்புச் சதுப்பு மண் இந்தப் பக்கத்து மண். பல பயிர்களுக்கு ஆகாத அந்தப் புளித்த மண் அன்னாசிக்கு மட்டும் தாய்வீடாகிவிட்டது. அன்னாசிக்கென்று ஓர் அருங்காட்சியகம்கூட இங்கே உண்டு.

அன்னாசி வருவதற்கு முன்னால் இங்கே காடும் ஆறுகளும்தான் இருந்தன. அவை ஒரு குலத்தலைவருக்குச் சொந்தமாக இருந்தன. அவர் இந்தக் கரையில் குடியிருக்கவில்லை. நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரின் தெலோக் பிளாங்காவில் இருந்துகொண்டு இந்த ஆறுகளுக்கு உரிமை கொண்டாடினார். பட்டம் தெமெங்கோங். ஊருக்குத் தெற்கே கடலில் கலக்கும் புலாய் ஆற்றுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. ஆங்கிலேயர் சிங்கப்பூரில் காலூன்றியதும், காலாங் ஆற்றுமுகத்தில் படகே வீடாக வாழ்ந்துவந்த நூறு குடும்பங்களைத் தெமெங்கோங் இந்த ஆற்றுக்குப் பெயர்த்துக் கொண்டுவந்தார். ஓராங் பிடுவாண்டா காலாங் என்ற அந்தக் கடல்குடிகளைப் பற்றி ஜே. ஆர். லோகன் 1847இல் எழுதியபோது, அம்மை நோய் வாரிக்கொண்டு போனது போக எட்டுக் குடும்பங்களே மிஞ்சியிருந்தன. குலத்தலைவன் என்றால் என்ன பொருள் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டாம். அவனுக்கு நிலம் இரண்டாம்பட்சம், ஆட்கள்தான் சொத்து. ஆட்களை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கலாம்.

அந்தத் தலைவரின் பேரன் சுல்தான் ஆனார். அது எப்படி நடந்தது என்பதே இங்கே கதை.

பழைய ஜொகூர் அரசில் சுல்தானுக்கு அடுத்தவர் பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர். அவருக்குக் கீழே தெமெங்கோங்: காவல், துறைமுகம், சந்தை எல்லாம் அவர் பொறுப்பு. மலாக்காக் காலத்திலிருந்து வரும் பதவிகள் இவை. 'செஜாரா மெலாயு' என்ற மலாய் வரலாற்று நூலோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் துன் ஸ்ரீ லானாங்கும் ஜொகூரின் பெண்டஹாராதான். அவருடைய குலவரிசை, கெலிங் நாட்டிலிருந்து மலாக்காவுக்கு வந்த மணி புரிந்தாம் என்பவரிடம் போய் முடிகிறது. கெலிங் என்று மலாய்க்காரர்கள் அன்று சொன்னது நம் தென்னாட்டுக் கரையை. மலாய் உயர்குடிக் குலவரிசைக்குள் நம்மவர் ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு தமிழ் வாசகர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். குலவரிசை என்பது எதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

1699இல் கோத்தா திங்கியில் சுல்தான் மஹ்மூத், ஆள் தோளில் சுமக்கப்பட்டுச் சென்றபோது குத்திக் கொல்லப்பட்டார். அவருக்கு வாரிசு இல்லை. மலாக்கா அரசவழி அதோடு அறுந்தது. பெண்டஹாராவாக இருந்த அப்துல் ஜலில் அரியணையில் ஏறினார். மந்திரி மன்னனானதைப் பலர் ஏற்கவில்லை; இருபது ஆண்டு குழப்பத்துக்குப் பின் அவரும் கொல்லப்பட்டார். ஆனால் அவருடைய பிள்ளைகள் நிலைத்துவிட்டார்கள். ஒரு மகனின் வழி ரியாவ், லிங்கா தீவுகளில் சுல்தான்களானது. அப்பாஸ் என்ற இன்னொரு மகனின் வழியில் பஹாங் பெண்டஹாராக்களும் ஜொகூர் தெமெங்கோங்குகளும் வந்தார்கள். இடையில் சுலாவெசியிலிருந்து வந்த புகிஸ் வீரர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். பெயருக்கு முன்னால் வரும் டாயெங் என்ற புகிஸ் பட்டம் அந்த உறவின் மிச்சம்.

இப்படிப் பார்த்தால் 1819 பிப்ரவரி 6ஆம் நாள் சிங்கப்பூரில் ஆங்கிலேயரான ராஃபிள்சோடு உடன்படிக்கை செய்துகொண்ட சுல்தான் ஹுசேனும் தெமெங்கோங் அப்துல் ரஹ்மானும் தூரத்துப் பங்காளிகள். அந்த நாளில் சுல்தானுக்கு ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி, தெமெங்கோங்குக்கு 3,000 என்று பேச்சு. உண்மையில் தீவு தெமெங்கோங்கின் கையில்தான் இருந்தது. ராஃபிள்ஸ் முதலில் வந்து பார்த்ததும் அவரைத்தான். சட்டத்துக்கு ஒரு சுல்தான் தேவைப்பட்டதால் ஹுசேனை ரியாவிலிருந்து வரவழைத்தார்கள்.

அன்றைய சிங்கப்பூர் எப்படி இருந்தது என்பதைத் தமிழ் வேர் கொண்ட ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, குடும்பத்தின் ஒரு கிளை நாகூர்ப் பக்கம் உள்ளவர், சிறுவயதில் தமிழ் படித்தவர். கரையோரத்தில் நூற்றுக்கணக்கான மனித மண்டையோடுகள் உருண்டு கிடந்ததையும், ஆங்கிலேய அதிகாரி ஃபர்குவார் அவற்றைச் சாக்கில் அள்ளிக் கடலில் எறியச் சொன்னதையும் அவர் தம் ஹிக்காயாத் நூலில் பதிவு செய்கிறார். கடற்கொள்ளையில் பிடிபட்டவர்களின் தலைகள் அவை. தெமெங்கோங்கின் ஆட்கள் ஒரு நாள் துறைமுகக் காவலர்கள், மறுநாள் கொள்ளையர்கள். அந்தக் காலத்து மலாய்க் கடலில் இரண்டுக்கும் நடுவே கோடு கிடையாது. தலைவனுக்குப் பங்கு கொடுத்தால் அது வரி, கொடுக்காவிட்டால் கொள்ளை.

1824 இந்தக் குடும்பத்தின் முதுகில் இரண்டு அடி வைத்தது. மார்ச்சில் ஆங்கிலேயரும் டச்சுக்காரர்களும் லண்டனில் உட்கார்ந்து கடலைப் பிரித்துக்கொண்டார்கள். தெமெங்கோங்கின் பூர்வீகத் தீவான புலாவ் பூலாங் டச்சுப் பக்கம் போயிற்று. ஆகஸ்டில் ஆங்கிலேய அதிகாரி கிராஃபர்ட் செய்த உடன்படிக்கையில் சிங்கப்பூரும் முழுதாகக் கைமாறியது. தெமெங்கோங்குக்கு 26,800 வெள்ளி ரொக்கம், மாதம் 700 வெள்ளி உதவித்தொகை. ஏற்கெனவே ஆற்றுமுகத்திலிருந்து கிளப்பித் தெலோக் பிளாங்காவில் சுமார் 200 ஏக்கரில் அவரைக் குடியேற்றியிருந்தார்கள். 1825 டிசம்பரில் அப்துல் ரஹ்மான் இறந்தார். மகன் டாயெங் இப்ராஹிமுக்கு அப்போது வயது 15.

அடுத்த பதினாறு ஆண்டுகள் அவர் யாரும் முறையாக ஏற்காத தலைவர். உதவித்தொகை உண்டு, ஊர் இல்லை. ஆட்கள் உண்டு, அவர்களுக்குச் சோறு போட வருமானம் இல்லை. 1830களில் நீரிணையில் ஒரு படகு கொள்ளையடிக்கப்பட்டாலும் ஆங்கிலேய வணிகர்களின் விரல் தெலோக் பிளாங்கா பக்கமே நீளும். அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் இல்லாமல் இல்லை. கடைசியில் ஆளுநர் பான்ஹம் யோசித்தார்: கொள்ளையரை விரட்டக் கப்பல் அனுப்புவதைவிட, அவர்களின் தலைவனைக் காவல்காரனாக்குவது மலிவு. 1841இல் இப்ராஹிம் முறைப்படி தெமெங்கோங் ஆனார். 1846இல் கடற்கொள்ளையை அடக்கியதற்காக ஆளுநர் பட்டர்வர்த் அவருக்கு ஒரு வாள் பரிசளித்தார். பத்தாண்டு முன்பு அதே ஆளைக் கொள்ளையரின் தலைவன் என்று சந்தேகித்த ஊர் அது.

இந்தக் கட்டத்தில் ஆசியாவின் வடகோடிக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. இதே நாடகம் அங்கே பனியில் நடந்தது.

இன்றைய வடகிழக்குச் சீனத்தின் காடுகளில் ஜுர்ச்சென் குலங்கள் வாழ்ந்தன. துமென் ஆற்றுப் பக்கம் ஒரு குலத்துக்கு மொங்க்கே தெமூர் தலைவர். ஒரு பக்கம் கொரிய ஜோசோன் அரசு அவருக்குப் பட்டம் கொடுத்தது. இன்னொரு பக்கம் மிங் பேரரசர் யொங்லே அழைத்தார். 1405இல் அவர் நான்ஜிங் போய் எல்லைக் காவல் தலைவர் என்ற பட்டயம் வாங்கி வந்தார். அதே 1405இல் அதே யொங்லே மலாக்காவின் பரமேஸ்வராவுக்கும் அரசர் பட்டமும் முத்திரையும் கொடுத்தார். ஒரே அரண்மனை, ஒரே ஆண்டு. வடக்கே ஒரு காட்டுத் தலைவன், தெற்கே ஒரு துறைமுகத் தலைவன். பட்டயம் இருந்தால்தான் சீனச் சந்தையில் சரக்கு விற்க முடியும் என்பது இருவருக்கும் பொதுவான விதி. மொங்க்கே தெமூரைப் பட்டயம் காப்பாற்றவில்லை. 1433இல் வேறு ஜுர்ச்சென் கூட்டத்தாரோடு நடந்த சண்டையில் அவர் மாண்டார்.

அவர் வழியில் வந்ததாகச் சொல்லப்படும் நூர்ஹாசி 1559இல் பிறந்தார். 1583இல் ஒரு கோட்டை முற்றுகையில் அவருடைய பாட்டன் கியோசாங்காவும் தந்தை தாக்சியும் மிங் படையின் கையில் செத்தார்கள். தவறு நடந்துவிட்டது என்று சொல்லி மிங் அதிகாரிகள் அவருக்குப் பட்டயம் கொடுத்தார்கள். தந்தை விட்டுச் சென்ற பதின்மூன்று கவசங்களோடு அவர் கிளம்பினார் என்பது மஞ்சு மரபு. கவசத்தைவிட அவருக்குக் கைகொடுத்தது ஜின்செங் வேர். ஈரமாக விற்றால் அழுகும் என்பதால் சீன வியாபாரிகள் தாமதம் செய்து விலையை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவித்து உலர்த்தி வைத்துக்கொள்ளும் முறையை அவர் பரப்பினார். பிறகு விலையை அவர் சொன்னார். அந்த வெள்ளியில் படை வந்தது. 1599இல் மொழிக்கு எழுத்து, 1616இல் தனி அரசு, 1619இல் சார்ஹுவில் மிங் படைக்குப் பேரடி. 1626இல் அவர் இறந்தார். மகன் ஹொங் தைஜி 1635இல் ஜுர்ச்சென் என்ற பெயரையே விலக்கி மஞ்சு என்று அறிவித்தார். மறு ஆண்டு பேரரசின் பெயர் சிங். 1644இல் பெய்ஜிங் விழுந்தது.

மீண்டும் தெலோக் பிளாங்கா. டாயெங் இப்ராஹிமின் ஜின்செங் ஜொகூர்க் காட்டில் மரமாக நின்றது. தாபான் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மரத்தின் பிசின், கெத்தா பெர்ச்சா. வெந்நீரில் போட்டால் மாவாகும், ஆறினால் கொம்பு போல இறுகும். பாராங் கத்தியின் கைப்பிடிக்கும் சாட்டைக்கும் அதைப் பயன்படுத்திவந்தார்கள். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த மாண்ட்கோமரி இதைக் கண்டு எழுதினார். 1843இல் மாதிரிகள் லண்டன் போயின. உப்புநீரில் கெடாத பொருள் என்று தெரிந்ததும் கடலடித் தந்திக் கம்பிக்கு உறை கிடைத்துவிட்டது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கம்பி ஓடியது. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குப் போட்ட கம்பி 1871இல் பேசத் தொடங்கியபோது அதற்குள்ளும் இதே வகைப் பிசின்தான்.

காட்டுக்குள் போய் அதை எடுத்துவர யாரால் முடியும்? தெமெங்கோங்கின் ஆட்களாலும் கடல்குடிகளாலும் காட்டுக் குடிகளாலும்தான். எடுத்ததை அவருக்கே விற்க வேண்டும் என்று ஆற்றுமுகங்களில் படகு நிறுத்தினார். நேற்றுவரை கொள்ளைக்குப் போன படகுகள் இன்று சுங்கப் படகுகள். ஏகபோகம் என்று சிங்கப்பூர் வணிகர்கள் பத்திரிகைகளில் கொதித்தார்கள். கொதித்தவர்களில் பலர் சரக்கு கிடைக்காத வயிற்றெரிச்சல்காரர்கள். வில்லியம் கெர் போன்ற வேறு சில ஐரோப்பியர்கள் அவருக்கு ஆலோசகர்களாகி லாபம் பார்த்தார்கள். மரத்தைச் சாய்த்துப் பட்டையைச் சுற்றிச் சுற்றிக் கீறித்தான் பிசின் எடுப்பார்கள். ஒரு மரம் ஒரே முறைதான் தரும். சில ஆண்டுகளில் அருகிலிருந்த காடுகளில் தாபான் அருகிப்போயிற்று.

பிசின் தீர்வதற்குள் இப்ராஹிம் அடுத்த வழியைப் பிடித்திருந்தார். சிங்கப்பூரில் மிளகும் கம்பீரும் பயிரிட்ட தியோச்சியூ சீனர்களுக்கு மண் சலித்துவிட்டிருந்தது. கம்பீர் என்பது வெற்றிலையோடு மெல்லவும், தோல் பதனிடவும், சாயத்துக்கும் உதவும் இலைச்சாறு. அதைக் காய்ச்ச விறகு வேண்டும், விறகுக்குக் காடு வேண்டும். 1844 முதல் தெமெங்கோங் ஆற்றுக்கு ஒன்றாக 'சுராட் சுங்கை' என்ற உரிமைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டு வாங்கியவர் காங்சூ, ஆற்றின் தலைவர். அந்த ஆற்றில் அபினி, சாராயம், சூதாட்டம், அடகு, பன்றி இறைச்சி எல்லாம் அவர் குத்தகை. ஜொகூரில் காங்கார் தெப்ராவ், காங்கார் புலாய் என்று இன்றும் வழங்கும் பெயர்கள் அந்தச் சீனத் தலைவர்களின் படகுத்துறைகள். இதில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஆங்கிலேயரிடம் பட்டயம் வாங்கிப் பிழைத்த குடும்பம், ஒரே தலைமுறையில் பட்டயம் எழுதிக் கொடுக்கும் குடும்பமாகிவிட்டது. என் பார்வையில் இந்த வம்சம் அரச வம்சமானது, சுல்தான் பட்டம் கிடைத்த 1885இல் அல்ல; முதல் சுராட் சுங்கை எழுதிய நாளில்தான்.

அந்தச் சீட்டை வாங்க வந்த ஒவ்வொரு சீனனின் தலையிலும் நூர்ஹாசியின் முத்திரை இருந்தது. முன்மண்டையை மழித்துப் பின்னால் ஒற்றைச் சடை பின்னுவது ஜுர்ச்சென் வழக்கம். 1645இல் மஞ்சுக்கள் அதைச் சீன ஆண்கள் எல்லாருக்கும் கட்டாயமாக்கினார்கள்; மறுத்தால் தலை போகும். வடக்குக் காட்டு வேட்டைக்காரர்களின் முடியலங்காரம் இருநூறு ஆண்டு கழித்து ஜொகூர் மிளகுத் தோட்டத்தில் வியர்த்துக்கொண்டிருந்தது. அதே சமயம் இவர்களில் பெரும்பாலோர் சேர்ந்திருந்த ங்கீ ஹெங் இரகசியச் சங்கத்தின் உறுதிமொழி, சிங் அரசைக் கவிழ்த்து மிங் அரசை மீட்பது. 1844இல் தெப்ராவ் ஆற்றுக்கு ஆட்களோடு வந்த டான் கீ சூன் அந்தச் சங்கத்தவர். பின்னாளில் ஜொகூரில் இந்த ஒரு சங்கத்துக்கு மட்டுமே அரசு இடம் கொடுத்தது.

1855 மார்ச் 10ஆம் நாள் ஆங்கிலேயர் முன்னிலையில் கணக்கு முடிந்தது. ஹுசேனின் மகன் அலிக்குச் சுல்தான் பட்டமும், கெசாங் பகுதியும், 5,000 வெள்ளியும், மாதம் 500 வெள்ளியும். மற்ற ஜொகூர் முழுவதும் இப்ராஹிமுக்கு. அலிக்குப் பெயர், இவருக்கு நாடு. அதே ஆண்டு நீரிணைக் கரையில் தஞ்சோங் புத்திரி என்ற குடியிருப்பு எழுந்தது. பின்னாளில் அதுவே ஜொகூர் பாரு. 1862இல் இப்ராஹிம் தெலோக் பிளாங்காவிலேயே இறந்தார். கடைசிவரை அவர் பட்டம் தெமெங்கோங் மட்டும்தான்.

மகன் அபு பக்கார் பாதிரியார் கீஸ்பரியின் பள்ளியில் படித்தவர். ஆங்கிலம் பேசினார், பில்லியர்ட்ஸ் ஆடினார், 1866இல் இங்கிலாந்து போய் விக்டோரியா ராணியைப் பார்த்தார். அங்கே தெமெங்கோங் என்றால் யாருக்கும் புரியவில்லை. திரும்பியதும் புதிய பட்டம் தேடினார். பட்டம் வேண்டுமென்றால் மரபு வேண்டும். மலாய், புகிஸ் குலவரிசைகளைக் கரைத்துக் குடித்தவரான ராஜா அலி ஹாஜியிடம் பெஞ்ஞெங்காட் தீவுக்குத் தூதர்களை அனுப்பி, மஹாராஜா என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கச் செய்தார். முன்னுதாரணம் உண்டு என்று பதில் வந்தது. 1868இல் மஹாராஜா. 1885 டிசம்பர் 11இல் லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையில் சுல்தான்.

சிங் அரசவையும் இதையே இன்னும் பெரிய அளவில் செய்திருந்தது. வானத்துப் பெண் ஒருத்தி, மாக்பை பறவை கொண்டுவந்து போட்ட சிவப்புக் கனியைத் தின்று பெற்ற பிள்ளையே குலமுதல்வன் என்ற கதை அதிகாரபூர்வ வரலாற்றின் முதல் பக்கம் ஏறியது. சண்டையில் செத்த மொங்க்கே தெமூர், இரண்டு நூற்றாண்டு கழித்துப் பேரரசர் பட்டம் பெற்றார். தாக்சியின் வழிவந்தவர்களுக்கு மஞ்சள் கச்சை, பக்கக் கிளைகளுக்குச் சிவப்புக் கச்சை. குலப்பதிவேடு பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தி எழுதப்பட்டது. தலைவன் அரசனாவதற்கு ஒரு தலைமுறை போதும். அவன் முன்னோர்கள் அரசர்களாவதற்கு எழுத்தர்கள் வேண்டும்.

அபு பக்காருக்கும் நல்ல எழுத்தர்கள் வாய்த்தார்கள். மண்டையோடுகளைப் பற்றி எழுதிய முன்ஷி அப்துல்லாவின் மகன் முகமது இப்ராஹிம் முன்ஷியே ஜொகூர் அரசில் உயர் அதிகாரி. 1870களில் சுற்றிப் பார்த்த இடங்களைப் பயண நூலாகவும் எழுதினார். தந்தை கொள்ளைக் கூட்டம் என்று எழுதிய குடும்பத்துக்கு மகன் அரசு ஊழியம் செய்தார். 1883இல் அபு பக்கார் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் பயணம் போனார். கடற்குடிகளின் தலைவர் ஒருவரின் பேரன், காட்டுக்குடிகளின் தலைவர் ஒருவரின் வழிவந்தவர் ஆண்ட நாட்டில் விருந்தாளி.

பட்டயத்தின் பலன் 1890களில் ஒரு வேடிக்கையான இடத்தில் தெரிந்தது. ஆல்பர்ட் பேக்கர் என்று பெயர் சொல்லித் தன்னைக் கல்யாணம் செய்துகொள்வதாக வாக்களித்து ஏமாற்றினார் என்று ஒரு பெண் லண்டனில் சுல்தான் மீது வழக்குப் போட்டார். குடியேற்ற அமைச்சகம் நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியது: ஜொகூர் சுல்தான் சுதந்திரமான இறைமையாளர். வழக்கு தள்ளுபடி. மேல்முறையீட்டில் வந்த அந்தத் தீர்ப்பைப் பன்னாட்டுச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள். மாதம் 700 வெள்ளி வாங்கிக்கொண்டு தீவைக் கொடுத்தவரின் பேரனுக்கு, அதே ஆங்கிலேயர் கொடுத்த நற்சான்று அது. 1895 ஏப்ரலில் ஜொகூருக்கு எழுத்துவடிவ அரசியல் சட்டம் வந்தது. ஜூனில் அபு பக்கார் லண்டனில் இறந்தார். அவர் வழியில் வந்த சுல்தான் இப்ராஹிம் 2024 ஜனவரி 31இல் மலேசியாவின் மாமன்னராகப் பொறுப்பேற்றார்.

மிளகும் கம்பீரும் மங்கிய பிறகு ஜொகூரில் ரப்பர் வந்தது. இளம் ரப்பர் கன்றுகளுக்கு இடையே கைச்செலவுக்கு அன்னாசி. சிங்கப்பூரில் அதை டப்பாவில் அடைத்துச் செல்வம் சேர்த்தவர்களில் லிம் நீ சூனும் டான் கா கீயும் முக்கியமானவர்கள். இருவரும் சிங் அரசைக் கவிழ்க்க எழுந்த சுன் யாட் சென்னின் தோங்மெங்ஹுயி இயக்கத்துக்காரர்கள். டான் கா கீ 1910இல் இயக்கத்தில் சேர்ந்து சடையை அறுத்தார். 1912 பிப்ரவரியில் நூர்ஹாசி வழியின் கடைசிப் பேரரசரான சிறுவன் பூயி அரியணை துறந்தான்.

கவிழ்க்க வேண்டிய அரசு கவிழ்ந்துவிட்டதால் ங்கீ ஹெங் சங்கத்துக்கு வேலையில்லாமல் போனது. 1917இல் காங்சூ முறையும் ஒழிக்கப்பட்டது. சங்கம் அதற்கு முன்பே கலைக்கப்பட்டிருந்தது. அதன் நினைவுப் பொருள்களைப் புதைத்த இடத்தில் மிங் கல்லறை என்று பொறித்த கல் ஜொகூர் பாருவில் நிற்கிறது. மிஞ்சிய பணம் 1913இல் தொடங்கிய ஃபூன் யூ சீனப் பள்ளிக்குப் போனது. அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.